சாக்லேட் செங்கல்

என் தம்பி லியோனர்டைக் கட்டிக்கொண்ட டார்லீனுக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. மைக்ரோவேவில் வைத்த காப்பி சூடாவதற்குள் மூன்று தடவை கதவைத் திறந்து பார்த்துவிடுவாள். சிக்னலில் சிவப்பு விழுந்தால் விளக்கைத் திட்டுவாள். பச்சை விழுந்ததும் முன்னால் நிற்கிற வண்டியைத் திட்டுவாள். அப்படிப்பட்டவள் போன குளிர்காலத்தில், கலக்கி வைத்து ஒரு முழு நாள் காத்திருந்தால் மட்டுமே சரியா தப்பா என்று தெரிகிற வேலையில் போய் மாட்டிக்கொண்டாள். வீட்டிலேயே சாக்லேட் ஐஸ்கிரீம் செய்கிற வேலை. அதுவும் சாதாரண ஐஸ்கிரீம் இல்லை, புரதம் நிறைந்த ஐஸ்கிரீம்.

அமெரிக்காவில், டொலீடோ நகரத்தில் எங்கள் பகுதிப் பள்ளிக்கூடத்தில் அவள் சமையல்காரி. மதியம் பிள்ளைகள் தட்டைக் கொட்டுகிற தொட்டிக்குப் பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். பாதிச் சாப்பாட்டோடு வருகிற பிள்ளை அவளைப் பார்த்ததும் திரும்பிப் போய் உட்கார்ந்து மிச்சத்தையும் தின்னும். "எங்கிட்ட எந்தப் புள்ளையும் மிச்சம் வச்சதில்ல" என்பாள். கடைசியில் அவளிடம் மிச்சம் வைத்தவன் என் தம்பிதான்.

லியோனர்டை நாங்கள் லென் என்றுதான் கூப்பிடுவோம். கண்ணாடித் தொழிற்சாலையில் சரக்குத் தூக்கும் வண்டி ஓட்டியவன். வாசலில் நின்றால் வெளிச்சம் உள்ளே வராது, அப்படி ஒரு உடம்பு. இலையுதிர் காலத்தில் தொண்டையில் புற்று என்றார்கள். கதிர்வீச்சு கொடுத்தார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் புற்று போய்விட்டது என்று சந்தோஷமாகச் சொன்னார்கள். கூடவே அவன் எச்சிலும் ருசியும் போய்விட்டிருந்தன. ரொட்டி தொண்டையை உப்புத்தாள் மாதிரி தேய்த்தது. இறைச்சியில் துரு வாடை அடித்தது. டார்லீன் செய்கிற முட்டைக்கோஸ் சுருளுக்காக ஒரு காலத்தில் தேவாலய விருந்தில் வரிசையில் இரண்டு தடவை நின்றவன், இப்போது அதைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டான். தொலைக்காட்சிக்கு எதிரே சாய்வு சோபாவில் விழுந்தவன்தான், அங்கிருந்து எழுந்திருக்கவே இல்லை. சட்டைக்குள் ஆள் சுருங்கிக்கொண்டே போனான்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னப் பெண், சாப்பாட்டு ஆலோசகர். எடைக்கருவியில் அவனை ஏற்றிப் பார்த்துவிட்டு ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள்.

"தசையெல்லாம் கரையுது. புரதம் உள்ள போயே ஆகணும். ஈஸ்டருக்குள்ள எடை ஏறலன்னா வயித்துல குழாய் வச்சு ஊட்ட வேண்டியிருக்கும். சரி, தொண்டையில என்னதான் இறங்குது?"

"ஐஸ்கிரீம்" என்றான் லென். "சாக்லேட். அது ஒண்ணுதான் என்னன்னு நாக்குக்குத் தெரியுது. குளிர்ச்சி தொண்டைக்கும் எதமா இருக்கு."

"கடை ஐஸ்கிரீம்ல சர்க்கரையும் கொழுப்பும்தான் இருக்கு. இவருக்குச் சர்க்கரை வியாதி வேற. புரதம் போட்டு வீட்லயே பண்ணிக் கொடுங்க" என்றாள் டார்லீனிடம்.

புரத ஐஸ்கிரீம் என்று கடையில் விற்பதையும் முதலில் வாங்கிப் பார்த்தோம். லென் ஒரு கரண்டி வாயில் வைத்துவிட்டு, "கரும்பலகையை நக்கின மாதிரி இருக்கு" என்று துப்பினான்.

இந்த இடத்தில்தான் மாப்பிள்ளை ட்ரென்ட் உள்ளே வந்தான். டார்லீனின் மகள் டானாவின் புருஷன். வீடுகளுக்கு வெப்பக் குழாய் மாட்டுகிற வேலை. மிச்ச நேரமெல்லாம் ஜிம். தன் கையைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டு பேசுவான். தங்கமான பையன், ஆனால் வாயை மூடத் தெரியாது. அவன் வீட்டில் ஐஸ்கிரீம் மிஷின் ஒன்று இருந்தது. அதையும் ஒரு வாளி புரோட்டீன் பவுடரையும் தூக்கிக்கொண்டு பனியில் வழுக்கி வழுக்கி வந்து சேர்ந்தான்.

"ரொம்ப சுலபம் டார்லீன். பால், பவுடர், கோகோ எல்லாத்தையும் இந்த டப்பால கலக்குங்க. ஒரு நாள் ஃப்ரீசர்ல வைங்க. கல்லா உறைஞ்சதும் மிஷின்ல மாட்டி பட்டனை அமுக்குங்க. பிளேடு மேலேர்ந்து சீவிக்கிட்டே எறங்கும். ஐஸ்கிரீம் ரெடி. சின்னக் கொழந்தைகூடப் பண்ணிரும்."

"சின்னக் கொழந்தைகூட" என்ற அந்த வார்த்தைக்காக அவனை டார்லீன் இன்னும் மன்னிக்கவில்லை.

முதல் டப்பாவை மிஷினில் மாட்டியபோது நானும் அங்கே இருந்தேன். அவள் பட்டனை அமுக்கியதும், மரம் அறுக்கிற ரம்பம் ஆணியில் பட்ட மாதிரி ஒரு அலறல். அவர்கள் வீட்டு நாய் பிக்கிள்ஸ் வாலை இடுக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடிற்று. அன்று முழுக்க மேலே வரவில்லை. சத்தம் நின்றதும் மூடியைத் திறந்தோம். உள்ளே பழுப்பு மணல்.

டார்லீன் ட்ரென்டைப் போனில் கூப்பிட்டாள்.

"மணலா வந்திருக்கு."

"அது அப்படித்தான் வரும். ஒரு சொட்டு பால் ஊத்தித் திரும்பச் சுத்துங்க."

"அப்படித்தான் வரும்னா அதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீங்க கேக்கலயே."

பால் ஊற்றி மறுபடி சுற்றினாள். மணல் சேறாயிற்று. லென் ஒரு வாய் தின்றுவிட்டுச் சுண்ணாம்பு என்று சொல்லிக் கிண்ணத்தைத் தள்ளினான். அவள் அதைக் கழுவிவிட்டு அடுத்த டப்பாவைக் கலக்கினாள். அதற்கு இன்னொரு நாள் காத்திருக்க வேண்டும். பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல் ஃப்ரீசரைத் திறந்து டப்பாவை விரலால் அமுக்கிப் பார்ப்பாள். "இன்னும் உறையல. வெளியில ஊரே உறைஞ்சு கெடக்கு, இதுக்குள்ள மட்டும் உறைய மாட்டேங்குது!" என்று கத்துவாள்.

மழமழப்பாக வருவதற்கு ஒரு பசைப்பொடியைச் சேர்க்கச் சொன்னான் ட்ரென்ட். ஒரு சிட்டிகை என்று சொல்லியிருந்தான். முந்நூறு பிள்ளைகளுக்கு ஆக்குகிற கைக்குச் சிட்டிகை எப்படித் தெரியும்? ஒரு கரண்டி போட்டுவிட்டாள். லென் கரண்டியைத் தூக்கினான்; ஐஸ்கிரீம் கிண்ணத்தை விடாமல் கூடவே நீண்டு வந்தது.

"டார், அந்த மாடி ரூம்ல சுவர்க் காகிதம் பிஞ்சு தொங்குதே, இதை வச்சு ஒட்டிரலாம்" என்றான்.

"ஏன், ஒன் வாயை ஒட்டலாமே" என்றாள் அவள்.

அதற்கப்புறம் இனிப்பு. சர்க்கரை கூடாது என்பதால் சர்க்கரைக்குப் பதிலாகப் போடுகிற ஒரு பொடியை வாங்கி, இந்தத் தடவை பசையைக் குறைத்து, இனிப்பைத் தாராளமாகப் போட்டாள். அற்புதமாக வந்தது. லென் கிண்ணத்தை வழித்துத் தின்றான். இன்னொரு கிண்ணம் கேட்டான். டார்லீன் என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். அந்தச் சந்தோஷம் சாயங்காலம் வரை நீடித்தது. அந்தப் பொடி வயிற்றை அடித்துக்கொண்டு போகும் என்று பொட்டலத்தின் அடியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தார்களாம். மறுநாள் மதியம் வரை லென் கழிவறையிலேயே குடியிருந்தான். அந்த வாரம் எடை பார்த்தபோது முன்னைவிடக் குறைந்திருந்தது. வண்டியில் திரும்பி வரும்போது இரண்டு இடத்தில் சிவப்பு விழுந்தது. அவள் விளக்கைக்கூடத் திட்டவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

கடைசியில் வழி காட்டியது காட்டேஜ் சீஸ். பனீரை உதிர்த்துப் பாலில் மிதக்கவிட்ட மாதிரி இருக்கும். புரதம் அதில் கொட்டிக் கிடக்கிறது. அதை மிக்சியில் வெண்ணெயாக அரைத்து, பால், கோகோ, கொஞ்சம் பவுடர், ஒரு வாழைப்பழம், ஒரு கல் உப்பு போட்டால் கடை ஐஸ்கிரீம் பிச்சை வாங்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் கூட வேலை செய்கிற யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒரே ஒரு தொல்லை. லென் காட்டேஜ் சீஸைப் பார்த்தாலே குமட்டுகிற ஆள். சின்ன வயதில் எங்கள் வீட்டில், இறைச்சி கூடாத வெள்ளிக்கிழமை என்றால் நூடுல்ஸில் அதைப் பிசைந்துதான் கொடுப்பார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அதைத் தின்றுவிட்டுப் போய், தேவாலயத்தில் நற்கருணை வாங்குகிற வரிசையில் பாதிரியாரின் செருப்பிலேயே வாந்தி எடுத்தான். அதோடு சரி. அது வீட்டுக்குள் வந்தால் நான் வெளியே போய்விடுவேன் என்று சொல்லித்தான் டார்லீனையே கட்டினான்.

"அவன்கிட்ட சொல்லாத ஜெனி" என்றாள் டார்லீன். "வெள்ளை டப்பாவை ஒன் வீட்டு ஃப்ரிட்ஜுல வை. நான் வந்து அரைச்சு எடுத்துட்டுப் போறேன்."

"பொய் சொல்லி ஊட்டணுமா?"

"ஊட்டணும். உண்மையைச் சொல்லி ஊட்டினேன், சுண்ணாம்புன்னு சொன்னான்."

லென் தின்றான். முதல் நாள் ஒரு கிண்ணம், அப்புறம் ஒரு டப்பா முழுக்க. ஹாக்கி ஆட்டம் பார்த்துக்கொண்டே தின்றான். "இப்பத்தான் டார் உனக்குக் கைவந்திருக்கு. மொதல்லயே இப்படிப் பண்ணித் தொலைக்கிறதுக்கென்ன?" என்று வேறு கேட்டான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தாள். கன்னத்தில் கொஞ்சம் ரத்தம் ஏறிற்று அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை டானாவும் ட்ரென்டும் வந்தார்கள். லென் டப்பாவை மடியில் வைத்து வழித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த ட்ரென்டுக்கு வாயெல்லாம் பல்.

"பாத்தீங்களா! காட்டேஜ் சீஸ் போட்டதும் எப்படி மாறிப் போச்சு பாத்தீங்களா!"

கரண்டி வாய்க்குப் பாதி வழியில் நின்றது. டானா ட்ரென்டின் காலை மிதித்தாள். அவன், "ஏன் மிதிக்கிற?" என்று சத்தமாகக் கேட்டான்.

லென் கரண்டியை டப்பாவுக்குள் வைத்து, டப்பாவைத் தரையில் வைத்தான். "இதுல என்ன இருக்கு டார்?"

"சாக்லேட்."

"வேற?"

"வேற என்ன இருந்தா உனக்கென்ன? நாலு நாளா நக்கி நக்கித் தின்னியே, அப்பல்லாம் குமட்டலயா?"

"பொய் சொல்லி என் வாயில அதைத் திணிச்சிருக்க. உடம்பு சரியில்லாதவன்னு பாக்காம!"

"உடம்பு சரியில்லாதவன்னு பாத்துத்தாண்டா திணிச்சேன்!"

அதற்கப்புறம் இருவரும் பேசியதை எழுத முடியாது. பாதிரியார் செருப்பு, அவளுடைய அம்மா, முப்பது வருஷத்துக்கு முன்னால் வாங்கி ஓடாமல் போன ஒரு படகு எல்லாம் வந்து போயின. கடைசியில் லென், "இனிமே நீ பண்ற எதையும் நான் தொடமாட்டேன்" என்றான். டார்லீன் ஏப்ரனைக் கழற்றி அவன் மடியில் எறிந்தாள். "அப்ப நீயே பண்ணித் தின்னு. ஃப்ரீசர் அங்க இருக்கு, மிஷின் இங்க இருக்கு. சின்னக் கொழந்தைகூடப் பண்ணுமாம்." கோட்டை மாட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

என் சமையலறையில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள். நான் கொடுத்த காப்பி ஆறிப்போயிற்று. அதை மைக்ரோவேவில் வைக்கச் சொல்லக்கூட அவளுக்குத் தோன்றவில்லை.

"குழாய் வைக்கிறது பெரிய விஷயமில்ல ஜெனி. எத்தனையோ பேர் வச்சிருக்காங்க, அப்புறம் எடுத்துடறாங்க" என்றாள். "ஆனா எனக்கு லென்னைத் தெரியும். வாயால திங்க வேண்டாம்னு ஆயிட்டா அவன் எதுக்குமே எழுந்திருக்க மாட்டான். படுத்துக்கறதுக்கு அவனுக்கு ஒரு சாக்கு போதும். அந்தச் சாக்கைக் கொடுக்கக் கூடாதுன்னுதான் நான் இந்தப் பாடு படறேன். அவனுக்கு அது புரியுதா? படகைப் பத்திப் பேசறான்."

அவள் அழவில்லை. கோபம் அழுகையை உள்ளேயே பிடித்து வைத்திருந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன். "கையை விடு, காப்பி கொண்டா" என்றாள்.

மறுநாள் அவள் என் வீட்டிலிருந்தே வேலைக்குப் போனாள். லென்னுக்குச் சூப்பாவது கொடுக்கலாம் என்று நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். சோபா காலியாக இருந்தது. சமையலறையிலிருந்து சத்தம் வந்தது.

என் தம்பி ஒரு கையால் மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றான். கிறிஸ்துமஸுக்கு அப்புறம், ஆஸ்பத்திரிக்குப் போவதைத் தவிர, அவன் எழுந்து நின்று நான் பார்த்ததே இல்லை. கால்சட்டை நழுவாமல் இருக்க டார்லீனின் ஏப்ரனை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தான். மேடை, சுவர், அவன் மூக்கு, ஃப்ரிட்ஜ் கைப்பிடி, எங்கே பார்த்தாலும் கோகோ. பிக்கிள்ஸுக்குச் சாக்லேட் ஆகாது என்பதால் அதை மட்டும் தோட்டத்துப் பக்கம் துரத்தியிருந்தான். அது கண்ணாடிக் கதவில் மூக்கைத் தேய்த்துக்கொண்டிருந்தது.

"என்னடா பண்ற?"

"பாத்தா தெரியல? ஐஸ்கிரீம். சீஸ் இல்லாம."

"உக்காருடா, விழுந்துடுவ."

"விழுந்தா எந்திரிச்சுப்பேன். அந்தக் கடலைவெண்ணெய் டப்பாவைத் திற. மூடி திறக்கக் கையில வலு இல்ல."

பால், பவுடர், கடலைவெண்ணெய், ஆறிப்போன காப்பி, அளவு பார்க்காமல் கோகோ. எல்லாவற்றையும் ஊற்றி, டப்பாவை ஃப்ரீசரில் உறைந்த பட்டாணிப் பை மேல் வைத்தான். சமமாக வைக்க வேண்டும், சாய்ந்து உறைந்தால் பிளேடு கெட்டுவிடும் என்று டார்லீன் சொல்லக் கேட்டிருக்கிறேன். சொன்னேன். "எனக்குத் தெரியும்" என்றான். சரக்கு அடுக்குகிறவனுக்குச் சமம் சொல்லிக் கொடுக்காதே என்றான். பிறகு அந்த டப்பாவைப் பார்க்க அன்று மட்டும் எத்தனை தடவை எழுந்து போனானோ! சோபாவுக்கும் ஃப்ரீசருக்கும் நடையாக நடந்தான். அவள் மேல் உள்ள கோபத்தில் உடம்பில் வலு இல்லாதது மறந்துபோயிற்று போலிருக்கிறது.

அதற்கடுத்த நாள் டார்லீன் தன் வேலைச் செருப்பை எடுக்க வீட்டுக்குப் போனாள். "செருப்பை மட்டும் எடுத்துட்டு வந்துடறேன்" என்று என்னையும் கூட்டிப் போனாள். அவள் உள்ளே நுழைந்தபோது லென் மிஷினில் டப்பாவை மாட்டிக்கொண்டிருந்தான். அவள் வாசற்படியிலேயே நின்று தன் சமையலறையைச் சுற்றிப் பார்த்தாள். கையைக் கட்டிக்கொண்டாள்.

அவன் பட்டனை அமுக்கினான். சாய்ந்து உறைந்த டப்பா. மிஷின் ஒரு பக்கமாக எம்பி எம்பி மேடை மேல் நடக்க ஆரம்பித்தது. லென் இரண்டு கையாலும் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். சத்தம் நிற்கும் வரை அவனும் அதோடு சேர்ந்து குலுங்கினான்.

உள்ளே இருந்ததற்கு என்ன பேர் சொல்வது? ஒரு பக்கம் கல், ஒரு பக்கம் கூழ், நிறம் தாருக்குச் சமம். லென் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு மேஜையில் உட்கார்ந்தான். ஒரு வாய் வைத்தான். கண் சுருங்கிற்று.

"எப்படி இருக்கு?" என்றாள் டார்லீன்.

"நல்லாருக்கு."

"மூஞ்சி அப்படிச் சொல்லலையே."

"நல்லாருக்குன்னா நல்லாருக்கு."

இன்னொரு வாய். இன்னொரு வாய். அவள் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு, பள்ளிக்கூடத்தில் தொட்டிப் பக்கம் நிற்கிற அதே முகத்தோடு உட்கார்ந்தாள். அவன் நிறுத்தினால் தோற்றுவிடுவான். அது இருவருக்கும் தெரியும். கல்லாக இருந்த பக்கத்தை வாயில் வைத்து உருட்டி உருட்டிக் கரைத்தான். கடைசிவரை தின்றான். கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினான்.

டார்லீன் டப்பாவின் ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலால் எடுத்து நாக்கில் வைத்தாள். "கடவுளே! புதுசா போட்ட ரோட்டை நக்கின மாதிரி இருக்குடா!"

லென்னுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாயிற்று, இருமலில் மூக்கு வழியாகக் கோகோ வந்தது. அவள் துண்டை எடுத்து அவன் முகத்தைத் துடைத்தாள். துடைத்ததில் அன்பைவிட முரட்டுத்தனம்தான் அதிகம். "இந்தச் சுவரை யாரு துடைக்கிறது? நானா?" என்றாள்.

அவன்தான் துடைத்தான். பாதி.

ஈஸ்டருக்கு முன்னால் எடை பார்த்தபோது முள் ஏறியிருந்தது. கொஞ்சம்தான். ஆனால் குழாய்ப் பேச்சு நின்றுபோயிற்று. "என்ன பண்ணீங்க?" என்று ஆலோசகர் பெண் கேட்டதும் இருவரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. எதுவாக இருந்தாலும் அதையே தொடருங்கள் என்று அனுப்பிவிட்டாள். இப்போது லென் சீஸுக்குப் பதில் கெட்டித் தயிர் போடுகிறான். அது தன் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொள்கிறான். டார்லீன் அதை ஜனவரியிலேயே சொன்னாள், அவன்தான் தயிர் புளிக்கும் என்றான். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நான் வாயைத் திறக்கவில்லை.

டார்லீனுக்கு நிம்மதி வந்துவிட்டது என்று நினைத்தால் தப்பு. ஒரே ஒரு பண்டம் செய்யக் கற்றுக்கொண்டவன் இப்போது உலகத்துச் சமையலுக்கெல்லாம் தீர்ப்புச் சொல்கிறான். முட்டை கிண்டும்போது பக்கத்தில் வந்து நின்று, "தீயைக் குறைச்சுக்க டார்" என்கிறான். பள்ளிக்கூடக் குழம்பில் ஒரு கல் உப்பு கூடப் போட்டால் எடுப்பாக இருக்கும் என்று யோசனை சொல்கிறான். ஜிம்முக்கு வரவா என்று ட்ரென்டையே கேட்டுவிட்டான். தினமும் சாயங்காலம் மிஷின் அலறுகிறது. அது என்ன சத்தம் என்று பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை வந்து கேட்டுவிட்டார்.

போன சனிக்கிழமை டார்லீன் என்னோடு கடைக்கு வந்தாள். காய்கறி வரிசையில் நிற்கும்போது போன் அடித்தது.

"என்ன லென்? ... கோகோவா? நேத்துத்தானே வாங்கினேன்! ... என்னது, கருப்புக் கோகோவா? சாதாக் கோகோ போட்டா என்ன, நாக்கு சுளுக்கிக்குமா? ... சரி. சரிடா, கத்தாத. வாங்கிட்டு வந்து தொலைக்கிறேன்."

போனைப் பைக்குள் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "கருப்புக் கோகோ வேணுமாம் இவருக்கு. எந்த வரிசையில இருக்கும்னு கேளு ஜெனி, நான் கேட்டா அந்தக் கடைப் பையனை அடிச்சிடுவேன்."